கடிவாளமும் குதிரையின் வாயும்: வாசகர் கேள்வி பதில்

நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயங்களைப் பார்த்துவிட்டு வந்த வாசகர்கள் சிலரும், பிள்ளைகளைச் சவாரி பழக அனுப்பும் பெற்றோர் சிலரும் குதிரையின் வாயில் மாட்டப்படும் இரும்பைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்களை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் தேவை. நம்முடைய பேச்சில் கடிவாளம் என்றால் தலையில் பூட்டும் வார்கள், வாயில் கிடக்கும் இரும்பு, கையில் பிடிக்கும் வார் ஆகிய எல்லாமே அதில் அடங்கிவிடும். சவாரி பழக்கும் இடங்களில் வாயில் கிடக்கும் பகுதியை மட்டும் ‘பிட்’ என்கிறார்கள். நானும் அதைப் பிட் என்றும், கையில் பிடிப்பதைக் கைவார் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: என்னுடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைகளில் குதிரைச் சவாரி பழகுகிறாள். அவள் ஏறும் குதிரைக்கு ஒரு வாரம் நடுவில் மூட்டு வைத்த பிட்டையும், இன்னொரு வாரம் இரண்டு மூட்டு வைத்த பிட்டையும் மாட்டியிருந்தார்கள். இவற்றுக்குள் என்ன வித்தியாசம்? குதிரைக்கு வலிக்காதா என்று மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: சகோதரி, வலிக்காதா என்ற கேள்வியிலிருந்துதான் சவாரிப் பாடமே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதைக் கேட்கத் தோன்றிய பிள்ளையின் கை நல்ல கையாக வரும்.

குதிரையின் வாயை முதலில் தெரிந்துகொள்வோம். முன்னால் புல்லைக் கடிக்கும் வெட்டுப் பற்கள் இருக்கின்றன, பின்னால் அரைக்கும் கடைவாய்ப் பற்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி உண்டு. ஆண் குதிரைகளுக்கு அந்த இடைவெளியில் பெரும்பாலும் ஒரு கோரைப்பல் முளைத்திருக்கும், பெண் குதிரைகளில் பலவற்றுக்கு அதுவும் இராது. பிட் கிடப்பது இந்தப் பல்லில்லாத இடத்தில்தான். வெளியே இருந்து பார்க்கிறவர்கள், குதிரை பிட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அது நாக்கின் மேல் கிடக்கிறது. நாக்குக்கு இரு பக்கத்திலும் இருக்கும் கீழ்த்தாடை எலும்பின் விளிம்பை மிக மெல்லிய ஈறு மட்டுமே மூடியிருக்கிறது. உங்கள் மகளை நாற்காலியில் உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே காலின் முன்னெலும்பில் ஒரு கரண்டிக் காம்பைக் குறுக்காக வைத்து அவளையே மெல்ல அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தோலுக்கும் எலும்புக்கும் இடையில் சதையே இல்லாத இடத்தில் இரும்பு பட்டால் எப்படியிருக்கும் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிடும். குதிரையின் பல்லில்லா ஈறும் அப்படிப்பட்ட இடந்தான்.

அவள் பார்த்த இரண்டும் ஸ்னாஃபிள் என்னும் வகையைச் சேர்ந்தவை. ஸ்னாஃபிளில் கைவார் நேரே வாய்ப்பகுதியின் இரு முனைகளிலுள்ள வளையங்களில் பூட்டப்படுவதால், கை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் வாயில் போய்ச் சேரும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. நடுவில் ஒரே மூட்டு இருந்தால், இரண்டு கைவாரையும் ஒன்றாக இழுக்கும்போது பிட் மடிந்து, நம் வீட்டுப் பாக்குவெட்டியைப் போல நாக்கையும் தாடையின் இரு விளிம்புகளையும் இரு பக்கமும் நெருக்குகிறது. மேலண்ணம் தாழ்வாக உள்ள குதிரையென்றால் மடிந்த மூட்டின் முனை அண்ணத்திலும் போய்க் குத்தலாம். இரண்டு மூட்டுகளும் அவற்றுக்கு நடுவே ஒரு சிறு துண்டும் இருந்தால், பிட் கூராக மடியாமல் நாக்கின் மேல் வளைந்து படிந்துவிடுகிறது. ஆகையால் பல குதிரைகள் இரட்டை மூட்டை அமைதியாக ஏற்றுக்கொள்கின்றன.

ஆனால் இரட்டை மூட்டு என்றாலே மென்மையானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஃப்ரெஞ்ச் லிங்க் என்ற பிட்டின் நடுத்துண்டு எட்டு என்ற இலக்கத்தைப் போல உருண்ட விளிம்போடு நாக்கின் மேல் தட்டையாகப் படியும். டொக்டர் பிரிஸ்டல் என்ற பிட்டின் நடுத்துண்டோ சற்று நீண்டு சாய்வாகப் பொருத்தப்பட்டிருப்பதால், அதன் விளிம்பு நாக்கில் அழுந்தும். கடையில் இரண்டையும் அருகருகே தொங்கவிட்டிருந்தால் பழகாத கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். விரலால் தடவிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

பக்கத்து வளையங்களுக்கும் வேலை உண்டு. துளைக்குள் தாராளமாக ஓடுகிற வளையம் கையின் சிறு அசைவையும் கடத்துவதால், குதிரை பிட்டின் மேல் பாரத்தைப் போட்டுச் சாய்ந்துகொள்ள இடங்கொடாது. ஆனால் அந்தத் துளை உதட்டோரத்தைக் கிள்ளிவிடலாம், அதனால்தான் சிலர் இறப்பர் வட்டு ஒன்றை இடையில் மாட்டுகிறார்கள். முட்டை வடிவில் நிலையாகப் பொருத்திய வளையம் கிள்ளாது. கன்னத்தின் மேலும் கீழும் நீண்ட கம்பி உள்ள வகையோ திரும்பப் பழகும் குதிரைக்கு உதவும், பிட் வாய்க்குள் ஒரு பக்கமாக இழுபட்டுப் போகாமல் அந்தக் கம்பி தடுத்து, திரும்ப வேண்டிய பக்கத்தைக் கன்னத்தில் தொட்டுக் காட்டும். தொடக்க நிலைப் பிள்ளைகளின் கை அடிக்கடி ஆடும் என்பதால், அவர்களை ஏற்றும் குதிரைக்கு நிலையான வளையமும் இரட்டை மூட்டும் உள்ள ஸ்னாஃபிள் போதும் என்று நான் சொல்வேன். உங்கள் மகளுக்கான பதிலையும் எழுதிவிடுகிறேன்: வாய்க்கு அளவான பிட், அமைதியான கையில் இருந்தால் வலிப்பதில்லை. கை அமைதியாக இல்லாவிட்டால் எந்தப் பிட்டும் வலிக்கும்.

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். சில பிட்டுகளில் பக்கவாட்டில் நீண்ட தண்டும் கீழே ஒரு சங்கிலியும் இருப்பதைப் படத்தில் பார்த்தேன். இது நெம்புகோல் தானே? அப்படியானால் விசை எத்தனை மடங்காகும்? (மாணவன், கொட்டாஞ்சேனை)

பதில்: தம்பி, நெம்புகோலேதான். இந்த வகையைக் கேர்ப் என்பார்கள். கைவார் வாய்ப்பகுதியின் பக்கத்தில் பூட்டப்படாமல், அதற்குக் கீழே இறங்கும் தண்டின் அடியில் பூட்டப்படுகிறது. தண்டின் மேல்முனையில் தலைவாரும், மோவாயின் அடியிலுள்ள குழிவான இடத்தைச் சுற்றி வரும் சங்கிலியும் மாட்டியிருக்கும். கைவாரை இழுத்தால் தண்டின் அடி பின்னே போகிறது, மேல்முனை முன்னே சாய்கிறது. சங்கிலி இறுகி அந்தச் சாய்வை ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறது. அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு இழுவையும், வாயிலுள்ள இரும்புக்கும் மோவாய்ச் சங்கிலிக்கும் நடுவே கீழ்த்தாடையை வைத்து நெருக்குவதாக ஆகிவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வாய்ப்பகுதிக்கு மேலே தண்டு 5 சென்ரிமீற்றர், கீழே 10 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கைவாரில் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை இருக்கட்டும். வாய்ப்பகுதியைப் பற்றித் திருப்பங்களைச் சமப்படுத்தினால், 2 ஐ 10 ஆல் பெருக்கி 5 ஆல் வகுக்க, சங்கிலியில் 4 கிலோகிராம் வருகிறது. தண்டின் அடியில் கை பின்னே இழுக்கிறது, மேலே சங்கிலியும் பின்னே இழுத்துப் பிடிக்கிறது, இரண்டையும் சேர்த்துத் தாங்க வேண்டியது நாக்கும் ஈறும் ஆகையால் அங்கே விழுவது 6 கிலோகிராம். கையில் இரண்டு, மோவாயில் நான்கு, வாயில் ஆறு! தலைவார் இழுபட்டுக் காதுகளுக்குப் பின்னால் உச்சியில் ஏற்படும் அழுத்தத்தை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதே 2 கிலோகிராம் ஸ்னாஃபிளில் வாயில் 2 கிலோகிராமாகவே நின்றிருக்கும்.

இங்கே பாடப் புத்தகத்தில் கிடைக்காத இன்னொரு விடயம் இருக்கிறது. நீண்ட தண்டு கடுமையானது என்று எல்லாரும் சொல்வார்கள், விசையை மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் தண்டு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்தபின் சங்கிலி பிடிக்கும்படிதான் அதை மாட்ட வேண்டும். 10 சென்ரிமீற்றர் தண்டின் அடி அந்த நிலைக்கு வர ஏழு சென்ரிமீற்றர் அளவு பின்னே நகர வேண்டும். 5 சென்ரிமீற்றர் தண்டுக்கு மூன்றரை போதும். ஆக, நீண்ட தண்டு கூடிய முன்னறிவிப்பும் தருகிறது. தண்டு அசையத் தொடங்கும்போதே பழகிய குதிரை என்ன வரப்போகிறது என்று உணர்ந்து, சங்கிலி இறுகுமுன்பே பதில் சொல்லிவிடும். அமெரிக்க மாட்டுப் பண்ணைக்காரர்கள் நீண்ட தண்டுள்ள பிட்டை மாட்டிக்கொண்டு, கைவாரைத் தளரவிட்டு ஒரே கையால் சவாரி செய்வது இதனால்தான் முடிகிறது. அதே பிட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து ஓட்டினால் அது சித்திரவதையாகிவிடும்.

சங்கிலியின் கண்ணிகளை முறுக்கி, அவை தட்டையாகப் படிந்த பிறகே கொக்கியில் மாட்ட வேண்டும். கண்ணி ஒன்று புரண்டு நின்றாலும் மோவாய்த் தோலைத் துளைப்பது போல அழுத்தும். மாட்டிய பின் சங்கிலிக்கும் தோலுக்கும் இடையில் இரண்டு விரல்கள் தட்டையாக நுழைய வேண்டும்.

ஸ்னாஃபிளையும் கேர்ப்பையும் ஒரே இரும்பில் சேர்க்க முயன்றதுதான் பெல்ஹம். அதில் வாய்ப்பகுதியின் பக்கத்தில் ஒரு கைவாரும் தண்டின் அடியில் ஒரு கைவாரும் பூட்டலாம். சிறுவர்களுக்காக இரண்டு வளையங்களையும் ஒரு தோல் துண்டால் இணைத்து ஒரே கைவாரைப் பூட்டுவதும் உண்டு. கைக்கு அது எளிது, ஆனால் எந்த வளையம் எப்போது வேலை செய்கிறது என்ற தெளிவு போய்விடுகிறது. உயர்நிலைப் பயிற்சியில் மெல்லிய ஸ்னாஃபிளையும் கேர்ப்பையும் இரண்டு தனிப் பிட்டுகளாக ஒரே வாயில் மாட்டி, நான்கு கைவார்களைப் பிடிப்பார்கள். அதற்குப் பல ஆண்டுக் கைப்பழக்கம் வேண்டும்.

கேள்வி: கொழும்பில் வேலை செய்கிறேன். நுவரெலியாவில் என் குடும்பத்தாருக்கு இரண்டு சவாரிக் குதிரைகள் உள்ளன. அவற்றில் ஒன்று நான்கு மாதமாகத் தலையை மேலே உதறுகிறது, பிடித்தால் நிற்காமல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வாய் மரத்துப்போய்விட்டது, கடுமையான பிட்டாக வாங்கு என்கிறார்கள். எதை வாங்கலாம்? (வாசகர், பம்பலப்பிட்டி)

பதில்: ஐயா, எதையும் வாங்க வேண்டாம். முதலில் வாயைத் திறந்து பாருங்கள்.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கொழும்பில் நான் பணியாற்றிய லாயம் ஒன்றில் கபில நிறப் பெண் குதிரை ஒன்று இருந்தது. அது தலையை உதறித் திமிறுவதைக் கண்டு, வாய் கெட்டிப்பட்டுவிட்டது என்று நாங்கள் எல்லாரும் தீர்மானித்துவிட்டோம். ஒற்றை மூட்டு ஸ்னாஃபிளை எடுத்துவிட்டு முறுக்கிய கம்பிப் பிட்டைப் போட்டோம். அதற்கும் நிற்கவில்லை என்று பெல்ஹம் போட்டோம், பின்னர் தண்டு நீண்ட கேர்ப் போட்டோம். ஒவ்வொன்றும் முதல் இரண்டு நாள் வேலை செய்தது, மூன்றாம் நாள் முன்னிலும் மோசமாக ஓடியது. கடைசியில் மிருக வைத்தியர் ஒருவர் வந்து, வாய்க்குள் விளக்கைப் பிடித்து, மேல் வரிசைக் கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் ஈற்றைச் சுண்டுவிரலால் தடவினார். குதிரை பின்னே பாய்ந்து சுவரில் மோதியது. வெளியே தெரியாமல் ஈற்றுக்குள்ளேயே ஒரு சிறிய பல் இருந்தது. நாங்கள் மாட்டிய ஒவ்வொரு பிட்டும் அந்த இடத்தில் ஈற்றைப் பல்லின் மேல் வைத்து நசுக்கியிருக்கிறது. பல்லை எடுத்து, புண் ஆறும்வரை வாயில் எதையும் மாட்டாமல் விட்டு, பிறகு பழைய சாதாரண ஸ்னாஃபிளைப் போட்டபோது அந்தக் குதிரை ஒரு விரல் அசைவுக்கு நின்றது. அந்த மூன்று பிட்டுகளையும் என் கையால்தான் மாட்டினேன். இன்றைக்கும் கடுமையான பிட் என்று யாராவது கேட்டால் அந்தக் குதிரையின் கண்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அந்தச் சிறு பல்லை ஓநாய்ப்பல் என்பார்கள். எல்லாக் குதிரைக்கும் அது இருப்பதில்லை, இருந்தாலும் எல்லாவற்றுக்கும் தொல்லை தருவதில்லை. அதைவிட அடிக்கடி காணப்படும் தொல்லை வேறு. குதிரையின் கடைவாய்ப் பற்கள் தேயத் தேய ஈற்றிலிருந்து வெளியே வந்துகொண்டிருப்பவை. மேல்வரிசை கீழ்வரிசையைவிட அகலமாக இருப்பதால், மேல்வரிசையின் கன்னப்பக்க விளிம்பும் கீழ்வரிசையின் நாக்குப்பக்க விளிம்பும் தேயாமல் கத்திபோலக் கூராகிவிடுகின்றன. பிட் பின்னே இழுபடும்போது கன்னத்தின் உட்தோல் அந்தக் கூரில் அழுந்தி அறுபடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மிருக வைத்தியரை அழைத்துப் பற்களைப் பார்வையிடச் செய்து, கூரான விளிம்புகளை அராவிவிட வேண்டும். உங்களுடைய குதிரை ஐந்து வயதுக்கு உட்பட்டதாயின் இன்னொரு காரணமும் இருக்கலாம். இரண்டரை வயது தொடங்கி ஐந்து வயது வரை பாற்பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும் காலம், அப்போது வாய் அடிக்கடி நோகும்.

பல்லில் குறை ஏதும் இல்லையென்றால் பிட்டின் அளவைப் பாருங்கள். மாட்டிய பின் உதட்டுக்கும் வளையத்துக்கும் இடையில் இரு பக்கமும் அரைச் சென்ரிமீற்றர் அளவு இடம் இருக்க வேண்டும். பெரிய குதிரைகள் பலவற்றுக்கு 5 அங்குலமோ சற்றுக் கூடவோ வேண்டியிருக்கும். மலைநாட்டில் காணப்படும் சிறிய உருவக் குதிரைகளுக்கு நாலரை அங்குலமே போதுமானதாக இருக்கலாம். அகலம் கூடிய பிட் பக்கவாட்டில் வழுகி, மூட்டு நடுவில் நில்லாமல் ஒரு பக்க ஈற்றை அடிக்கும். உயரத்தைப் பொறுத்தவரை, உதட்டோரத்தில் ஒன்று அல்லது இரண்டு சுருக்கம் விழ வேண்டும். மிகத் தாழ்ந்திருந்தால் ஆண் குதிரையின் கோரைப்பல்லில் மோதும், நாக்கைப் பிட்டின் மேலே தூக்கிப் போடவும் குதிரை பழகிவிடும். மிக உயர்ந்திருந்தால் நீங்கள் கைவாரைத் தளர்த்தினாலும் வாய் தளர்வதில்லை, குதிரைக்கு ஓய்வு என்பதே இல்லாமல் போகும். பிறகு சேணம் முதுகை அழுத்துகிறதா, நான்கு மாதத்துக்கு முன் ஏறுபவர் மாறினாரா, தீனி மாறியதா என்றும் கேளுங்கள்.

வாய் மரத்துவிட்டது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குதிரை இரையாக வாழ்ந்த பிராணி. வலி வந்தால் அதனிடமிருந்து ஓடித் தப்புவதே அதன் இயல்பு. வாயில் வலிக்கும்போது அது ஓடுகிறது, ஓடுவதால் நாம் இழுக்கிறோம், இழுப்பதால் மேலும் வலித்து மேலும் ஓடுகிறது. பிட்டை வண்டியின் பிறேக் என்று நினைப்பதில்தான் இந்தத் தவறு பிறக்கிறது. நூற்றுக்கணக்கான கிலோகிராம் எடையுள்ள பிராணியைக் கையின் பலத்தால் எவராலும் நிறுத்த முடியாது. இருக்கையில் நிமிர்ந்து அமர்ந்து, கைவாரை ஒரு கணம் பிடித்து உடனே விட்டு, மீண்டும் பிடித்து விடுங்கள். விடுவதைத்தான் குதிரை பதிலாக எடுத்துக்கொள்கிறது. பிடித்த பிடியிலேயே இருந்தால், சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்ததாக அது எண்ணிக்கொள்ளும்.

கேள்வி: தடித்த பிட் மென்மையானது, மெல்லிய பிட் கடுமையானது என்பது சரியா? செம்பு கலந்தால் நல்லதா? (வாசகி, தெஹிவளை)

பதில்: பாதி சரி. ஒரே விசை அகன்ற பரப்பில் பரவினால் அழுத்தம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் குதிரையின் வாயில் வெற்றிடம் கிடையாது, மூடிய வாயை நாக்கே நிறைத்துவிடுகிறது. சிறிய வாய்க்கும் பருத்த நாக்குக்கும் 20 மில்லிமீற்றர் தடித்த இரும்பைத் திணித்தால் வாயை மூடவே முடியாமல் குதிரை தவிக்கும். அத்தகைய குதிரைக்கு 14 அல்லது 16 மில்லிமீற்றர் பிட் அதிக ஆறுதல் தரும். மூட்டில்லாமல் நடுவில் சற்றே மேலே வளைந்த பிட்டும் நாக்குக்கு இடங்கொடுக்கிறது, ஆனால் நாக்கிலிருந்து நீங்கும் பாரம் ஈற்றின் மேல் விழும் என்பதை மறக்கக் கூடாது. செம்பும் வெறும் இரும்பும் உமிழ்நீரைச் சுரக்கச் செய்வதால் சில குதிரைகள் அவற்றை விரும்புகின்றன. துருப்பிடிக்காத உருக்கு நீடித்து உழைக்கும். இறப்பர் மென்மையாகத் தோன்றினாலும், வாய் உலர்ந்த குதிரைக்கு அது தோலை உராயும். நிக்கல் பூசிய மலிவான பிட்டை மட்டும் வாங்காதீர்கள். பூச்சு உரியும்போது அதன் ஓரம் சவரத் தகடுபோல நிற்கும்.

கேள்வி: கறுவாத்தோட்டத்துத் திடலில் குதிரைப் பந்தயம் நடந்த காலத்தைப் பார்த்தவன் நான். ஓட்டத்துக்கு முன் குதிரையை நடத்தி வருபவர் பிடித்திருக்கும் வட்ட வடிவ இரும்பு என்ன? (முதிய வாசகர், கொழும்பு 7)

பதில்: அதன் பெயர் சிஃப்னி. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயப் பந்தய வீரர் சாமுவேல் சிஃப்னியின் பெயரால் வழங்குகிறது. வளையத்தின் ஒரு பகுதி வாய்க்குள் நாக்கின் மேலும், எஞ்சியது மோவாயின் அடியிலும் இருக்கும். பின்னங்கால்களில் எழும்பும் குதிரையைத் தரையில் நின்று நடத்துவதற்கு மட்டும் உரியது அது. அதை மாட்டி எவரும் சவாரி செய்யக் கூடாது. ஓட்டத்தின்போது மாட்டுவது பெரும்பாலும் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவ வளையமுள்ள ஸ்னாஃபிள்.

கேள்வி: வாயில் இரும்பே இல்லாமல் சவாரி செய்ய முடியாதா? ஓர் உயிரின் வாயில் இரும்பு வைப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. (வாசகி, கொள்ளுப்பிட்டி)

பதில்: முடியும், உங்கள் மன உறுத்தலும் நியாயமானது. கைவாரை மூக்குப் பட்டையின் இரு பக்கத்திலும் பூட்டும் எளிய தலைவார், மோவாயின் அடியில் குறுக்காகச் சென்று எதிர்க் கன்னத்தைத் தள்ளும் தலைவார், தண்டும் சங்கிலியும் கொண்ட ஹக்கமோர் என்று பல வகைகள் உண்டு. வாய்ப்புண் பட்ட குதிரைக்கும், பல் முளைக்கும் இளங்குதிரைக்கும், கைவாரைத் தொங்கிப் பிடிக்கும் புதிய மாணவருக்கும் முதல் இரண்டு வகைகளை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் இரும்பு வாயில் இல்லை என்பதனாலேயே அது வலியற்றது என்று நம்பிவிடாதீர்கள். தண்டுள்ள ஹக்கமோரும் நெம்புகோலே. மேலே கொட்டாஞ்சேனை மாணவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு அதற்கும் பொருந்தும், விசை விழும் இடம் மட்டும் வாயிலிருந்து மூக்கெலும்புக்கு மாறுகிறது. கன்ன எலும்பின் மேடு முடியும் இடத்திலிருந்து மூக்கை நோக்கி விரலால் தடவிச் சென்றால், கெட்டியான எலும்பு மெலிந்து குருத்தெலும்பாக மாறுவது தெரியும். மூக்குப் பட்டை அந்த மெலிந்த இடத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். கீழே இறங்கினால் மூச்சும் அடைபடும், மெலிந்த எலும்பும் காயப்படும். கொழும்பில் வாங்கிய தலைவாரை அளவு பாராமல் மாட்டி, பட்டை மூக்குத் துவாரத்துக்கு நாலு விரல் மேலே மட்டும் கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குதிரை வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட முயன்றது, குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது என்பதை அதன் உரிமையாளர் அறிந்திருக்கவில்லை.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் உள்ள லாயத்தில் குதிரை பார்க்கும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பிட்டையும் வார்களையும் எப்படிப் பேண வேண்டும்? (வாசகர், மட்டக்குளி)

பதில்: தம்பி, உப்புக் காற்றும் ஈரமும் உள்ள நம் ஊரில் இந்த வேலையை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. சவாரி முடிந்ததும் பிட்டை நல்ல தண்ணீரில் கழுவி, மூட்டுக்குள் சிக்கிய புல்லையும் நுரையையும் பழைய பல் தூரிகையால் எடுத்து, துணியால் துடையுங்கள். காய்ந்த எச்சில் மறுநாள் மணற்காகிதம்போல உராயும். வாய்ப்பகுதியில் எந்த மெருகு மருந்தையும் பூச வேண்டாம், அது நேரே குதிரையின் வயிற்றுக்குப் போகும்.

வாரத்துக்கு ஒரு முறை மூட்டை மடக்கி விரித்து, விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தேய்ந்த மூட்டில் ஓர் அரம்போன்ற ஓரம் தோன்றியிருந்தால் அந்தப் பிட்டின் ஆயுள் முடிந்துவிட்டது. வளையம் ஓடும் துளை அகன்றிருந்தாலும் அப்படியே. தோல் வார்களில் மாரிக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அதைத் துடைத்துச் சேணச் சவர்க்காரம் போட்டு, நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். வெயிலில் காய வைத்தால் தோல் வெடிக்கும். கைவார் பிட்டின் வளையத்தில் மடிந்து திரும்பும் இடத்திலுள்ள தையலை நகத்தால் நெம்பிப் பாருங்கள். சவாரியின் நடுவில் வார் அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், உப்பும் வியர்வையும் நூலை அங்கேதான் முதலில் அரிக்கின்றன.

மாட்டும்போது குதிரையின் இடப்பக்கத்தில் நின்று, பிட்டை உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலை உதட்டோரத்தில் பல்லில்லாத இடத்தில் நுழையுங்கள். வாய் தானாகத் திறக்கும், பல்லில் இடிக்க வேண்டிய தேவையே இல்லை. கழற்றும்போதும் குதிரை தானாக வாயைத் திறந்து பிட்டை விடும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு இழுத்தால் வெட்டுப் பற்களில் மோதும், அடுத்த நாள் நீங்கள் வருவதைக் கண்டதுமே அது தலையைத் தூக்கிக்கொள்ளும். உங்கள் குதிரைகளை நுவரெலியாவுக்குக் கொண்டுபோக நேர்ந்தால், அங்கே விடியற்காலையில் இரும்பு பனிபோலக் குளிர்ந்திருக்கும். மாட்டுமுன் இரண்டு நிமிடம் அதை உங்கள் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.